ஸ்பூன் வைக்கும் நாள்

பஸ் டிப்போவுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருந்தது அந்தக் காபிக் கடை. காலையில் அங்கே போய் நின்றால், இந்த நகரத்துக்கு எங்கெங்கிருந்தெல்லாம் ஆள் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். டிரைவர்கள் நின்றபடியே இரண்டு மூன்று வாயில் குடித்துவிட்டு ஓடுவார்கள். இரவு வேலை முடிந்த நர்சுகள் சுவர் ஓரம் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி விட்டு, ஆறிப்போன பிறகும் கோப்பையைக் கையிலேயே வைத்திருப்பார்கள். எதிரில் கட்டடம் கட்டுகிற கொத்தனார்கள் சர்க்கரையைக் கலக்காமல் அடியில் விட்டுவைத்துக் கடைசியில் விரலால் வழித்துச் சாப்பிடுவார்கள். பால் ஒரு சொட்டும் கூடாது என்று ஒரு கூட்டம். பால் இல்லாமல் அது என்ன கஷாயமா என்று இன்னொரு கூட்டம். வீட்டில் பேசுவது ஆளுக்கு ஒரு மொழி. கடைக்காரர் தமிழர் என்பதால் கவுன்டரில் தமிழ்தான் புழங்கியது. மற்றவர்கள் வரிசையில் நின்றே அதைக் கற்றுக்கொண்டார்கள், அவரவருக்கு வந்த அளவில்.

கடை முதலாளியை டிரைவர்கள் 'நாக்கு' என்பார்கள், முகத்துக்கு நேராகவே. இரண்டு தடவை காய்ச்சிய பாலையும், சரியாகக் கழுவாத வடிகட்டியையும், நேற்று அரைத்த தூளையும் ஒரே வாயில் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் சும்மா இருக்கமாட்டார். அவருடைய மனைவியின் தம்பிதான் கடையில் சமையல். ரொட்டி சுடுவது, முட்டை பொரிப்பது எல்லாம் அவன்தான். "எங்க மாமா கல்யாணத்தன்னிக்கே பந்தியில எழுந்து நின்னு உப்பு கம்மின்னாரு. எங்கப்பா அப்பவே யோசிச்சிருக்கணும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான்.

நாக்குக்கு ஈடு கொடுத்த ஒரே ஆள், இரண்டு தெரு தள்ளிக் காபிக்கொட்டை வறுத்துக் கொடுத்தவர். சொந்தம் ஒன்றும் இல்லை. கடை திறந்த புதிதில் நாக்கு அவரை அண்ணே என்று கூப்பிட்டார், அவர் மனைவியை அண்ணி என்றார். கூப்பிட்டுக் கூப்பிட்டு அது சொந்தமாகவே ஆகிவிட்டது. வாரத்துக்கு ஒரு மூட்டை வரும். வந்த அன்றே போனில் சண்டை தொடங்கும்.

"அண்ணே, கருக்கிட்டீங்களே! கொட்டை வறுக்கிறீங்களா, கரி மூட்டம் போடுறீங்களா?"

"கருகலை உன் காபியில தேடாதடா, உன் வாயில தேடு. எத்தனை பீடி இன்னிக்கு?"

அவர் போனை வைத்துவிடுவார், இவர் மறுபடி கூப்பிடுவார். அடுத்த மூட்டை சரியாக இருக்கும். அப்போதும் இவர் பாராட்டமாட்டார். குறை சொல்லவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள். அண்ணனுக்கு அது போதும்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அண்ணன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. காரியங்கள் முடிந்ததும் அண்ணி வறுவல் கடையைத் திறந்தார். அதுவரை அவர் பார்த்தது பொட்டலம் கட்டுவதும் ஆட்களுக்குப் பதில் சொல்வதும்தான். கொட்டை வறுக்கிற டிரம் பக்கம் போனதில்லை. வேறு ஊரில் இருந்த மகன், கடையைக் காலி செய்துவிட்டு வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். "கொஞ்ச நாள் பார்க்கிறேன்" என்று மட்டும் அண்ணி சொல்லியிருந்தார்.

அவர் வறுத்து அனுப்பிய முதல் மூட்டையில் கருகல் வாடை இருந்தது. காபி போடுகிற பெண் அதை முதல் கோப்பையிலேயே சொல்லிவிட்டாள். அவளுக்கும் தமிழ் தாய்மொழி இல்லை; இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்து கற்றது. கடையில் அவளுக்குப் பெயர் மாஸ்டர். அன்று மதியம் அவள் கழுவுகிற தொட்டியின் விளிம்பில் திரும்பி வந்த கோப்பைகளை வரிசையாக வைத்தாள். எல்லாவற்றிலும் அடியில் காபி மிச்சம்.

"பாருங்க அண்ணா. நர்சுங்க கோப்பை. ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டாங்க, பாத்திருக்கீங்கல்ல?"

"பார்த்தேன்."

"போன் பண்ணுங்க அப்ப."

நாக்கு போன் பண்ணினார். மாஸ்டர் பக்கத்திலேயே நின்றாள்.

"அண்ணி, மூட்டை வந்துச்சு… ம்… நல்லா இருக்கு அண்ணி. ஒண்ணும் குறை இல்ல. நீங்க உடம்பைப் பார்த்துக்குங்க."

போனை வைத்துவிட்டு மாஸ்டர் பக்கம் திரும்பினார். அவரே சொன்னார். "தாலி இறங்கின வீட்ல போய்க் கருகிருச்சுன்னு எப்படிம்மா சொல்றது?"

இரண்டாவது மூட்டையும் அப்படித்தான் வந்தது. அதற்கும் அதே போன், அதே பதில். பாதி மூட்டையை, ஆள் இல்லாத நேரம் பார்த்து, பின்பக்கக் குப்பையில் அவரே கொட்டினார். மீதியில் பழைய இருப்பைக் கலந்து ஓட்டினார்கள்.

இந்த நேரத்தில்தான் ஸ்பூன் வைக்கும் நாள் வந்தது.

அது அந்தக் கடையின் வழக்கம். வருஷத்துக்கு இரண்டு தடவை, மதியம் கடையைச் சாத்திவிட்டு, வெளியிலிருந்து வந்த ஒரு சரக்கையும் வழக்கமான சரக்கையும் போட்டு ருசி பார்ப்பார்கள். மேசையில் மூன்று பேர்: காபி போடுகிறவர், விற்கிறவர், குடிக்கிறவர். போடுகிறவள் மாஸ்டர், விற்கிறவர் நாக்கு. குடிக்கிறவர் என்று பத்தொன்பதாம் நம்பர் பஸ் ஓட்டுகிற ஒரு டிரைவரை உட்காரவைத்திருந்தார்கள். சமையல்காரன் உள்ளே காபி இறக்கி இரண்டு ஜாடிகளில் கொண்டுவந்து வைப்பான். எதில் எது என்று ஜாடிக்கு அடியில் ஒட்டிய நிறத்தாளில்தான் இருக்கும். குடித்து முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது. நாக்கு மேசையைத் தட்டியதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் தங்கள் ஸ்பூனைப் பிடித்த ஜாடியின் பக்கம் வைக்க வேண்டும். இரண்டு ஸ்பூன் விழுந்த சரக்குதான் அடுத்த தடவை வரை கடைக்கு. வைத்த ஸ்பூனை எடுக்கக் கூடாது. முதல் வருஷம் டிரைவர் நாக்கின் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பூனை மெல்ல நகர்த்தியதால் வந்த சட்டம் அது.

இத்தனை வருஷமும் அண்ணன் சரக்கு தோற்றதில்லை. அதனால் அந்த நாள் ஒரு விளையாட்டு மாதிரி ஆகியிருந்தது. அண்ணனும் அண்ணியும் சுவர் ஓர நாற்காலிகளில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். இந்தத் தடவை வெளிச் சரக்கு ஒரு பெரிய கம்பெனியுடையது. நகரத்தில் பாதிக் கடைகளுக்கு அவர்கள்தான் கொடுக்கிறார்கள். நாக்கு வாங்குவதை நிறுத்தினால் அண்ணியின் கடை நடக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் வறுப்பதில் பாதிக்குமேல் இங்கேதான் வந்தது.

"இந்தத் தடவை வேணாமே மாமா" என்றான் சமையல்காரன். "அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

"நிறுத்தினா அண்ணிக்குத் தெரிஞ்சுரும், எதுக்கு நிறுத்தினோம்னு."

"நடத்தினா தோத்துருவாங்களே."

நாக்கு ரொட்டித் தட்டை நகர்த்தி வைத்தார். "தோக்க மாட்டாங்க. டிரைவர் எது குடுத்தாலும் குடிப்பான், அவன் எந்தப் பக்கம்னு சொல்ல முடியாது. மாஸ்டர் ருசிக்குத்தான் வைப்பா. என் ஸ்பூன் எங்கன்னு எனக்குத் தெரியும். கருகின வாடை எதுல வருதோ அதுலதான்."

"டிரைவரும் அந்தப் பக்கம் போயிட்டா?"

"அப்ப விதி."

அன்று அண்ணி தனியாக வந்தார். துவைத்துக் கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் புதிதாக வறுத்த கொட்டை வைத்த ஒரு தகர டப்பா. டப்பாவைச் சமையல்காரனிடம் கொடுத்துவிட்டு வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியை யாரோ முன்பே எடுத்து வேறு மேசைக்குப் போட்டிருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அவர் அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சாப்பிட்டீங்களா அண்ணி?"

"ஆச்சு தம்பி."

டிரைவர் யாரையும் நீ என்றுதான் சொல்வார். அவர் கற்ற தமிழில் மரியாதை வந்து சேரவில்லை. "நீ வந்துட்டியா! நல்லதா போச்சு. நீ வராம வீட்ல உக்காந்தா உடம்பு கெட்டுப்போகும்" என்றார். அண்ணி லேசாகச் சிரித்தார். வெகு நாட்களுக்குப் பிறகு அவரிடம் ஒருவர் குரலைத் தாழ்த்தாமல் பேசியது அப்போதுதான்.

ஜாடிகள் வந்தன. சமையல்காரன் ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். வெளியே பஸ் திரும்புகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. நாக்கு இடப்பக்க ஜாடியிலிருந்து முதலில் எடுத்தார். வாய் நிறைய கனம். கடைசியில், தொண்டையில் இறங்கும்போது, அடுப்புப் புகை மாதிரி ஒரு கசப்பு. இதுதான், சந்தேகமே இல்லை.

கோப்பையில் தண்ணீர் குடித்து வாயை அலசிவிட்டு வலப்பக்கத்தை எடுத்தார். சுத்தமாக இருந்தது. நாக்கின் நடுவில் ஒரு இனிப்பு தங்கிப் பிறகு மெல்லப் போயிற்று. கடைசியில் கொஞ்சம் பச்சை வாசனை. இன்னும் சிறிது நேரம் டிரம்மில் விட்டிருந்தால் அதுவும் இருந்திருக்காது. கம்பெனிக்காரன் மெஷின் மெஷின்தான் என்று நினைத்துக்கொண்டார். இன்னொரு வாய் குடிக்க வேண்டும் போலிருந்தது. குடிக்கவில்லை. அண்ணி இருக்கும் பக்கம் பார்க்கவும் இல்லை.

மேசையைத் தட்டினார்.

மாஸ்டரின் ஸ்பூன் வலப்பக்கம் விழுந்தது. டிரைவரின் ஸ்பூன் இடப்பக்கம். அவருக்கு எப்போதும் திக்காக, கறுப்பாக, வாயில் நிற்கிற மாதிரி வேண்டும். நாக்கின் ஸ்பூனும் இடப்பக்கம். இரண்டுக்கு ஒன்று. மாஸ்டர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் அவள் கேட்டது அவருக்குப் புரிந்தது. ஆமாம்மா, வேண்டுமென்றுதான் வைத்தேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். நெஞ்சில் ஒரு நிம்மதி பரவியது.

"தூக்குடா" என்றார் சமையல்காரனிடம்.

அவன் நகரவில்லை.

"என்னடா?"

"மாமா…" என்று இழுத்துவிட்டு, இடப்பக்க ஜாடியை மெல்லச் சாய்த்துக் காட்டினான். அடியில் நீலத் தாள். நீலம் கம்பெனிக்கு.

டிரைவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அண்ணி எழுந்து வந்தார். மேசை மேல் இருந்த வேறொரு ஸ்பூனால் இடப்பக்க ஜாடியிலிருந்து எடுத்துக் குடித்தார். நின்றபடியே யோசித்தார். இன்னொரு தடவை குடித்தார்.

"இது கருகியிருக்கே தம்பி."

நாக்கு தண்ணீர்க் கோப்பையை எடுத்தார்.

"டிரைவருக்கு இது பிடிக்கும், அது வேற. நீங்க எப்படி இதுல வச்சீங்க? உங்க அண்ணன் ஒரு நிமிஷம் அதிகமா விட்டாலே வீடு தேடி வந்து கத்துவீங்களே."

"இல்ல அண்ணி… இன்னிக்கு வாய் சரியில்ல…"

"பொய் சொல்லாதீங்க." குரல் உயரவில்லை. "கருகினது என்னுதுன்னு நினைச்சீங்க."

சமையல்காரன் தரையைப் பார்த்தான். மாஸ்டர் தன் ஸ்பூனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் ரெண்டு மூட்டை கருகினது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? வறுக்கிறவ குடிச்சுப் பார்க்க மாட்டாளா? அனுப்பிட்டுப் போன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன், இப்பத் திட்டுவாரு, எங்க தப்பு பண்ணேன்னு சொல்லுவாருன்னு. நீங்க நல்லா இருக்கு அண்ணின்னீங்க. ரெண்டாவதுக்கும் நல்லா இருக்குன்னீங்க. சரி, இவர் நம்மள வறுக்கிற ஆளா எடுத்துக்கல, ஒரு துக்க வீடா எடுத்துக்கிட்டார்னு தெரிஞ்சுது."

"அண்ணி, அந்த நேரத்துல உங்ககிட்ட எப்படி…"

"அதுக்கப்புறம் நானே கண்டுபிடிச்சேன். அவர் வறுக்கும்போது ரேடியோவை நிறுத்திருவார். கொட்டை வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுத்தான் இறக்கணும். நான் நிறுத்தல. அந்தக் கடையில சத்தமில்லாம என்னால உட்கார முடியல தம்பி. பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும், கொட்டை வெடிச்சது காதுல விழாது, கருகிரும். இவ்வளவுதான் விஷயம். இந்த டப்பாக் கொட்டையை வறுத்த அன்னிக்கு ரேடியோவை நிறுத்திட்டு உட்கார்ந்தேன்."



டிரைவருக்கு விஷயம் மெதுவாகப் புரிந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "நீ கவலைப்படாதே. நான் மாத்தி வைக்கிறேன். எனக்கு எதுவா இருந்தா என்ன?"

"உங்களுக்கு இது பிடிச்சிருக்குதானே?" என்று அண்ணி இடப்பக்க ஜாடியைக் காட்டினார்.

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பிடிச்சிருக்கு" என்றார்.

"அப்ப இருக்கட்டும்."

நாக்கு எழுந்து தன் ஸ்பூனை நோக்கிக் கையை நீட்டினார். "தப்பு என்னுது. நான் வச்சதை நான் எடுக்கிறேன். சட்டம் போட்டதும் நான்தான். அண்ணி, சத்தியமா சொல்றேன், உங்க காபிதான் நல்லா இருக்கு. முதல் வாயிலயே தெரிஞ்சுது. இன்னொரு வாய் குடிக்கணும்னு இருந்துச்சு."

"எடுக்காதீங்க."

"அண்ணி, கடை என்ன ஆகும்? வீம்புக்கு…"

"வீம்பு இல்ல. எனக்கு இந்தக் கடை வேணும். நீங்க வாங்கலைன்னா அடுத்த மழை வரைக்கும் இடத்துக்கு வாடகை குடுக்க முடியுமான்னு தெரியாது. எல்லாம் யோசிச்சுட்டுத்தான் வந்தேன்." பையின் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினார். "இப்ப நீங்க எடுத்து அந்தப் பக்கம் வச்சா நான் என்னன்னு நினைக்கிறது? காபிக்காக வச்சீங்களா, பாவம்னு வச்சீங்களா? நல்லா இருக்குன்னு முன்னாடியும் சொன்னீங்க. அதே வாய்தான் இப்பவும் சொல்லுது. நான் வறுத்தது சரியா வந்திருக்கான்னு கேட்கிறதுக்கு எனக்கு இந்த ஊர்ல இருந்தது ஒரே ஒரு நாக்கு. அதை நீங்களே கெடுத்துட்டீங்க தம்பி."

நாக்கின் கை மேசை மேல் அப்படியே இருந்தது. பிறகு அதை எடுத்துக்கொண்டார். ஸ்பூன் வைத்த இடத்திலேயே கிடந்தது.

"மீதி இருக்கிற ஒரு மூட்டையை அனுப்பிடுறேன்" என்றார் அண்ணி. "அதுவும் ரேடியோ இல்லாம வறுத்ததுதான். பயப்படாம போடுங்க."

போவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் போகவில்லை. சுற்றிக்கொண்டு கவுன்டருக்குப் பின்னால் போய், மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"வாம்மா இங்க. நீ என் பக்கம் வச்சே. ஏன் வச்சே?"

மாஸ்டர் நாக்கைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"சுத்தமா இருந்துச்சு அண்ணி. அதான்."

"குறை?"

"இருக்கு."

"சொல்லு."

"சொன்னா வருத்தப்படக் கூடாது."

"வருத்தப்படத்தான் கேட்கிறேன். சொல்லு."

"சீக்கிரம் இறக்கிட்டீங்க. பயந்துட்டீங்க, மறுபடி கருகிருமோன்னு. கடைசில பச்சையா ஒரு வாசனை வருது. உரிக்காத பச்சைப் பட்டாணி மாதிரி."

அது அவ்வளவு சரியாக இருந்தது. நாக்கு வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டார்.

"பட்டாணியா? மழை ஈரம்மா அது. கொட்டையே ஈரமா வந்துச்சு."

"ஈரமா இருந்தா முதல்லயே தெரியும் அண்ணி. இது கடைசில வருது. குடிங்க, நீங்களே குடிங்க. பாலை ஊத்தாதீங்க!"

"நான் எப்ப ஊத்தினேன்? உன் கோப்பையை முதல்ல ஒழுங்கா கழுவு."

டிரைவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவருடைய பஸ் புறப்படுகிற நேரம். சமையல்காரன் ஜாடிகளை எடுக்க வந்தவன், எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் துணியைப் பிழிந்துகொண்டு நின்றான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நர்சுகள் இரண்டு பேர் வந்து, கையால் வெயிலை மறைத்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். கொத்தனார்களும் வந்து சேர்ந்திருந்தார்கள்.

நாக்கு கதவைத் திறக்கப் போனார். தாழ்ப்பாளில் கை வைத்தபோது, பின்னால் அண்ணி கேட்பது கேட்டது. "எவ்வளவு நேரம் கூட விடணும்னு சொல்றே?" மாஸ்டர் ஏதோ சொன்னாள். "அவ்வளவு விட்டா கருகிரும்!" என்றார் அண்ணி. "கருகாது, நான் சொல்றேன்ல" என்றாள் மாஸ்டர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

அவர் கதவைத் திறந்து ஒதுங்கி நின்று, வருகிறவர்களுக்கு வழி விட்டார்.

"என்ன காபி இன்னிக்கு?" என்று முதலில் நுழைந்த நர்ஸ் கேட்டாள்.

"அண்ணி வறுத்தது" என்றார். "இந்த மூட்டை தீர்ற வரைக்கும்."